தில்லியின் அமிலம் எங்கே போகிறது? ஆர்.கே. புரமும் நரேலாவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமில மழை உருவாவதற்கு வேண்டிய வாயுக்கள் எல்லாம் தில்லியின் காற்றில் இருக்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் கந்தக டை ஆக்சைடு, வாகனங்களும் மின் நிலையங்களும் உமிழும் நைட்ரஜன் ஆக்சைடுகள், பிளாஸ்டிக் கலந்த குப்பை எரியும்போது கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு ஆகியவை முறையே கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் மாறக்கூடியவை. இருந்தும் தில்லியில் பெய்யும் மழைநீரைப் பிடித்து அளந்தால், அது பெரும்பாலும் அமில மழைக்கான வரையறைக்குள் வருவதில்லை. மாசே இல்லாத மழைநீரில்கூடக் காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அதன் பி.எச். மதிப்பு (7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் மிகுதி) ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். அதற்குக் கீழே இறங்கும்போதுதான் அமில மழை என்கிறோம். தில்லி மழையின் மதிப்போ பெரும்பாலான அளவீடுகளில் 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு எளிதாக வந்துவிடலாம், பலர் வந்தும் இருக்கிறார்கள்: தில்லியின் சிக்கல் தூசியும் புகையும்தான், கந்தகமோ அமிலமோ இங்கே பொருட்டல்ல என்பது அந்த முடிவு. சாலைக்குத் தண்ணீர் தெளிப்பதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படுவதற்கும், மின் நிலையப் புகைபோக்கிகளில் கந்தகத்தை நீக்கும் வேலை பத்து ஆண்டுகளாகத் தள்ளிப் போடப்படுவதற்கும் பின்னால் இந்த முடிவு இருக்கிறது. இது தவறான முடிவு என்பதும், மழையில் தென்படாத அமிலம் நுண்துகள்களாகி நம் நுரையீரலுக்குள் வந்து சேருகிறது என்பதும்தான் இந்த ஆய்வு சொல்ல வருவது. அதற்காகத் தில்லித் தமிழர்களின் வாழ்வோடு பிணைந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வுக்குரிய இடங்கள்

முதலாவது ஆர்.கே. புரம். மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளாக உருவான இந்தத் தென்தில்லிப் பகுதியில் மூன்று தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. குன்றின்மேல் கருங்கல்லால் எழுந்து 1973-இல் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலைக் கோயில் இங்கேதான் இருக்கிறது. மலை மந்திர் என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கே உண்டு. வெளிவட்டச் சாலையின் இடைவிடாத போக்குவரத்தும், பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துப் பல மாடிகளாகக் கட்டும் பணிகளும் பக்கத்திலேயே நடக்கின்றன.

இரண்டாவது நரேலா, தில்லியின் வடமேற்கு விளிம்பு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டிப் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப் என்னும் தமிழ்க் குடியிருப்பு, உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தகுதி உண்டெனக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு மாற்று வீடு ஒதுக்கப்பட்ட இடம் நரேலா. ஜங்புரா, லாஜ்பத் நகர் வீடுகளில் வேலை பார்த்துவந்த பெண்களுக்கு இது ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளிய இடம். வேலையை விட முடியாதவர்கள் விடியுமுன் பேருந்துக்கு நிற்க வேண்டும். அந்த நேரம் காற்றைப் பொறுத்தவரை எப்படிப்பட்டது என்பதைப் பின்னர் பார்க்கப் போகிறோம்.

தில்லி நிர்வாகம் மாசு மிகுந்தவை என அடையாளம் கண்டிருக்கும் 13 இடங்களின் பட்டியலில் ஆர்.கே. புரமும் இருக்கிறது, நரேலாவும் இருக்கிறது. வசதியில் இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை. ஓரிடத்தில் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கக்கூடிய ஓய்வூதியக்காரர்கள் வாழ்கிறார்கள். மற்றதில் சன்னலுக்குக் கண்ணாடி போடுவதற்கே யோசிப்பவர்கள். காற்றின் வேதியியல் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

அமிலம் உருவாகும் வழி

கந்தக டை ஆக்சைடு புகைபோக்கியிலிருந்து வெளிவந்ததும் அமிலமாகிவிடுவதில்லை. பகல் வெயிலில் காற்றில் உருவாகும் ஹைட்ராக்சில் என்னும் வினைத்திறன் மிக்க மூலக்கூறு அதை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து கந்தக அமிலமாக்குகிறது. மூடுபனித் துளிகளுக்குள் கரைந்துவிட்டால், அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடும் ஓசோனும் உலோகத் துணுக்குகளும் சேர்ந்து அதே வேலையை இன்னும் விரைவாகச் செய்கின்றன. வட இந்தியக் குளிர்காலத்தின் அடர்ந்த மூடுபனி இவ்வகையில் ஓர் அமிலத் தொழிற்கூடம். நைட்ரஜன் டை ஆக்சைடு இதைவிட வேகமாக, ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பகுதி நைட்ரிக் அமிலமாகிவிடும். கந்தகத்துக்கு ஒன்றிரண்டு நாள் தேவைப்படுவதால், அந்த இடைவெளியில் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் நகர்த்திவிடுகிறது. ஒரு மின் நிலையத்தின் வாயிலருகே வைத்த கருவி காட்டும் அளவைக்கொண்டு அந்த நிலையம் செய்யும் கேட்டை மதிப்பிட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து, உருவான அமிலத்தை எதிர்கொள்வது எது என்பதைப் பார்க்க வேண்டும். தில்லிக் காற்றில் அதற்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, சுண்ணாம்புச் சத்து மிகுந்த தூசி. தார்ப் பாலையிலிருந்து கோடையில் ஆந்தி என்னும் புழுதிப் புயலோடு வருவதும், கட்டுமானங்களிலிருந்தும் சாலைகளிலிருந்தும் எழுவதும் கால்சியம் கார்பனேட் கலந்த தூசி. இது கந்தக அமிலத்தோடு சேர்ந்து ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட் ஆகிறது. மற்றொன்று அமோனியா. கங்கைச் சமவெளியின் வயல்களில் கொட்டப்படும் யூரியாவிலிருந்தும் கால்நடைச் சாணத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் இது எழுகிறது. செயற்கைக்கோள் வழி அளக்கையில் உலகிலேயே அமோனியா செறிவு மிகுந்த வட்டாரங்களுள் ஒன்றாக இச்சமவெளி தெரிகிறது. அமோனியா கந்தக அமிலத்தோடு சேர்ந்து அமோனியம் சல்பேட் ஆகிறது. மிச்சமிருப்பது நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அமோனியம் நைட்ரேட் ஆகிறது.

பருவமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. தில்லியின் ஆண்டு மழையில் மிகப் பெரும்பகுதி ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தில்லியில் வானம் வறண்டு கிடக்கிறது. அமில வாயுக்களும் துகள்களும் உச்சத்தைத் தொடுவதும் அதே மாதங்களில்தான். அதாவது, அமிலம் மிகுந்திருக்கும்போது அதைக் கழுவி இறக்க மழை இல்லை. மழை பெய்யும் காலத்தில் காற்று ஓரளவு தூய்மையாக இருக்கிறது. பருவத்தின் முதல் மழைகள் தூசியைக் கரைத்துக்கொண்டு காரத்தன்மையோடு இறங்குகின்றன. தொடர்ந்து பல நாள் பெய்து தூசி அடங்கிய பிறகு, பருவத்தின் பிற்பகுதியில் எப்போதாவது அமிலத்தன்மை கொண்ட மழை பதிவாவதுண்டு. தூசி என்னும் திரை விலகினால் அடியில் இருப்பது என்ன என்பதை அந்த மழைகள் காட்டிவிடுகின்றன.

இந்தத் திரை இந்தியா முழுவதும் ஒரே அளவில் நிற்கவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பத்துப் பின்னணிக் கண்காணிப்பு நிலையங்களின் நீண்டகால மழைநீர்ப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 2001 முதல் 2012 வரையிலான காலத்தில் நாக்பூர், அசாமின் மோகன்பாரி, அலகாபாத், விசாகப்பட்டினம், நம் கொடைக்கானல் ஆகிய ஐந்திடங்களில் மழையின் பி.எச். மதிப்பு 4.77-க்கும் 5.32-க்கும் இடையில் இருந்தது தெரியவந்தது. அலகாபாத் தில்லியைப் போலவே கங்கை, யமுனைச் சமவெளியில் இருப்பது. கொடைக்கானலில் பெரிய தொழிற்சாலைக் கூட்டம் ஏதும் இல்லை. அமில வாயு தொலைவிலிருந்து வருகிறது, நடுநிலையாக்கத் தூசி இல்லை. தில்லி மழை அமிலமாகாததற்கு நாம் செய்த நற்காரியம் எதுவும் காரணமில்லை என்பதற்கு இந்த ஒப்பீடு போதும்.

மழையில் இல்லாதது துகளில் இருக்கிறது

நடுநிலையாவது என்றால் மறைந்துபோவது என்று பொருளல்ல. அமோனியம் சல்பேட்டும் அமோனியம் நைட்ரேட்டும் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள். பி.எம். 2.5 என்று நாம் அன்றாடம் செய்தியில் கேட்கும் அளவீட்டுக்குள் இவையும் அடங்கும். புகையாகவோ தூசியாகவோ நேரடியாக வெளிவராமல் வாயுக்களிலிருந்து காற்றிலேயே பிறப்பதால் இவற்றை இரண்டாம் நிலைத் துகள்கள் என்கிறார்கள். தில்லி அரசுக்காகக் கான்பூர் ஐ.ஐ.டி. நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, குளிர்காலப் பி.எம். 2.5-இல் ஏறக்குறைய 30 விழுக்காடு இவ்வகைத் துகள்கள் என்று கணக்கிட்டது. மண், சாலைத் தூசியின் பங்கு அதே குளிர்காலத்தில் இதைவிட மிகக் குறைவு. கோடையில் தூசி மேலோங்குவது உண்மைதான். ஆனால் மருத்துவமனைகள் நிரம்புவது குளிர்காலத்தில்.

2021-இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான மற்றோர் ஆய்வு இதில் ஒரு புதிய முடிச்சை அவிழ்த்தது. தில்லிக் காற்றில் குளோரைடு வியக்கத்தக்க அளவில் மிகுந்திருப்பதையும், பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிப்பிலிருந்தும் தொழில்முறைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அமோனியாவோடு சேர்ந்து அமோனியம் குளோரைடு ஆவதையும், அது ஈரத்தை உறிஞ்சித் துகள்களைப் பருக்கச் செய்வதையும் அவர்கள் கண்டறிந்தார்கள். தில்லியில் பார்வைத் தொலைவு குறைவதில் ஏறக்குறைய பாதி இந்தக் குளோரைடால் நேர்கிறது என்பது அவர்களின் கணிப்பு. நரேலாவுக்கும் அதை அடுத்த தொழிற்பகுதியான பவானாவுக்கும் இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. தொழிற்பேட்டைகளின் பின்புறம் இரவில் எரியும் கழிவு, வழக்கமாகப் புகைத் தொல்லையாக மட்டுமே பேசப்படுகிறது; அது ஓர் அமில மூலமும்கூட.

அமோனியம் நைட்ரேட்டுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. குளிரிலும் ஈரத்திலும் அது துகளாக உறைகிறது. வெயில் ஏறினால் மீண்டும் வாயுவாகப் பிரிகிறது. இதோடு வானிலையும் சேர்ந்துகொள்கிறது. குளிர்கால இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, அதன்மேல் சற்று வெப்பமான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் அமர்ந்துவிடுகிறது. பிற்பகலில் ஒரு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து பரவக்கூடிய மாசு, விடியற்காலையில் சில நூறு மீட்டருக்கும் குறைவான அடுக்குக்குள் அடைபடுகிறது. துகளும் மிகுதி, இடமும் குறைவு என்னும் இந்த இரண்டும் சந்திக்கும் வேளை விடியலை ஒட்டிய நேரம்.

நம் மார்கழி வழிபாட்டு நேரமும் அதுவே. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, இருள் பிரியுமுன் குளித்துக் கோயிலுக்குச் செல்லும் வழக்கத்தைத் தில்லித் தமிழர்கள் அன்போடு காத்துவருகிறார்கள். முதியவர்கள் மலை மந்திரின் படிகளில் மூச்சுவாங்க ஏறும் அந்த ஒரு மணி நேரத்தில், அவர்கள் அந்த நாளிலேயே மிக மோசமான காற்றை, நாளிலேயே மிக ஆழ்ந்த மூச்சில் உள்ளே இழுக்கிறார்கள். நரேலாவிலிருந்து பேருந்துக்கு நிற்கும் பெண்களின் நிலையும் இதுவே. கோயில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், வேலைக்குப் போகும் நேரத்தை அவர்களால் மாற்ற இயலாது.

விளைவுகள்

இந்தியத் தரநிலைப்படி பி.எம். 2.5-இன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவு 5. தில்லியின் ஆண்டுச் சராசரி 100-ஐ ஒட்டி நிற்கிறது. 2024 நவம்பர் 18 அன்று நகரின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அந்த அளவுகோலே 500-இல் முடிந்துவிடுகிறது. இத்துகள்கள் மூச்சுக்குழல்களைக் கடந்து நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. ஆஸ்துமாவையும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பையும் தூண்டுவதோடு நில்லாமல் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் காரணமாகின்றன. 2019-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் காற்று மாசினால் 16.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் வெளியான மதிப்பீடு கூறுகிறது. வளரும் நுரையீரல் கொண்ட குழந்தைகளுக்கு நேரும் இழப்பு எந்த இறப்புக் கணக்கிலும் வராது. குறியீடு கடுமையான நிலையை எட்டும்போது சிறுவர் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றுகிறார்கள், ஆர்.கே. புரத்தில் தனி அறையும் கணினியும் உள்ள பிள்ளை படித்துவிடும், ஒரே கைபேசியை அம்மா வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்ட நரேலாப் பிள்ளை படிக்காது.

கட்டடங்களின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. அமிலம் மழையாக இறங்காவிட்டாலும், வாயுவாகவும் துகளாகவும் நேரடியாகச் சுவர்மேல் படிகிறது. செங்கோட்டையின் செம்மணற்கல் சுவர்களில் படிந்த கரும்படலங்களை இந்திய, இத்தாலிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். போக்குவரத்து மிகுந்த பக்கங்களில் அரை மில்லிமீட்டர் வரை தடித்திருந்த அப்படலங்களின் முதன்மைப் பொருள் ஜிப்சம். காற்றிலுள்ள கந்தகம், சாந்திலும் தூசியிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்ததற்கான நேரடிச் சான்று இது. தாஜ்மகாலிலோ நிலைமை சற்று வேறு. மதுரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கந்தகம் பளிங்கை அரிக்கும் என்னும் அச்சத்தில்தான் தாஜ்மகாலைக் காக்கத் தொடுத்த வழக்கு வளர்ந்தது. உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 30 அன்று தீர்ப்பளித்து, 10,400 சதுர கி.மீ. பரப்பில் நிலக்கரிப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. பின்னாளில் நடந்த ஆய்வு, பளிங்கு பழுப்பேறுவதற்குக் குப்பையும் சாணமும் சுள்ளியும் எரிவதால் வரும் பழுப்புக் கரிமத்தையும் தூசியையும் காரணம் காட்டியது. மலை மந்திரின் கருங்கல் இவற்றையெல்லாம் தாங்கும். அதில் கார்பனேட் இல்லை. ஆனால் வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்களில் சுண்ணாம்பும் சிமென்ட்டும் இருப்பதால், தில்லியிலுள்ள நம் கோயில்களில் குடமுழுக்குப் பணிகளைத் திட்டமிடுவோர் இதைக் கணக்கில் கொள்வது நல்லது.

மண்ணுக்கும் பயிருக்கும் அமிலத்தால் வரும் கேடு இந்தப் பகுதியில் குறைவு. இங்குள்ள மண் இயல்பிலேயே காரத்தன்மை கொண்டது.

நிர்வாகம்: எது பலித்தது

தில்லி எதையுமே செய்யவில்லை என்பது நியாயமான குற்றச்சாட்டு அல்ல. 1985-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கு பல்லாண்டுகள் நடந்து, 1998 ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம் பேருந்துகள் முழுவதையும் சி.என்.ஜி.க்கு மாற்ற ஆணையிட்டது. 2001 மார்ச் கெடு தவறினாலும், 2002 முடிவுக்குள் நகரப் பேருந்துகள் மாறிவிட்டன. டீசலிலுள்ள கந்தகம் குறைந்த கதை இன்னும் வியப்புக்குரியது. 1990-களின் நடுப்பகுதியில் பத்து லட்சம் பங்கில் 10,000 பங்காக இருந்தது, 2010-இல் 50 ஆகவும், பாரத் நிலை 6 எரிபொருள் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்பே தில்லிக்கு வந்த 2018 ஏப்ரலில் 10 ஆகவும் இறங்கியது. ஆயிரத்தில் ஒரு பங்கு. 1973-இல் தொடங்கிய பதர்பூர் அனல் மின் நிலையம் 2018 அக்டோபர் 15 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. தில்லி எல்லைக்குள் நிலக்கரி மின் நிலையம் இன்று ஒன்றுகூட இல்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும், ஏழு விழுக்காடு வரை கந்தகம் கொண்ட பெட்கோக் என்னும் கரிப்பொருளையும் உலை எண்ணெயையும் அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் தொழிற்சாலைகளில் பயன்படுத்த 2017 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் சட்டப்படி நிலைபெற்ற காற்றுத் தர மேலாண்மை ஆணையம், 2023 ஜனவரி முதல், தில்லியும் சுற்றியுள்ள மாவட்டங்களும் அடங்கிய தலைநகர வட்டாரத் தொழிற்சாலைகளில் நிலக்கரியை நிறுத்தியது.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. மாசு பிறக்கும் இடத்திலேயே, எரிபொருளையே மாற்றிக் கை வைத்த நடவடிக்கைகள் இவை. பலன் தந்தவையும் இவைதான். தில்லிக் காற்றில் வாயு வடிவில் உள்ள கந்தக டை ஆக்சைடு தேசியத் தரநிலையான ஆண்டுச் சராசரி 50 மைக்ரோகிராமுக்குள் அடங்கியிருப்பதற்கு இவற்றின் பங்கு பெரியது.

நிர்வாகம்: எது பலிக்கவில்லை

காற்றில் பறக்கும் மாசைப் பிறகு பிடிக்க முயன்றவை பெரும்பாலும் பலிக்கவில்லை. கன்னாட் பிளேசில் 2021-இல் நிறுவிய, காற்றை இழுத்து வடிகட்டும் புகைப்பனிக் கோபுரம் தன் சுற்றுப்புறத்தைத் தாண்டிப் பயன் தரவில்லை. 2025 அக்டோபர் இறுதியில் மேகங்களில் விதை தூவிச் செயற்கை மழை பெய்விக்க முயன்றபோது, மேகத்தில் ஈரம் போதாமல் மழை பெய்யவில்லை. தில்லியின் நவம்பர் வானம் எப்படிப்பட்டது என்பதை மேலே கண்டவர்களுக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் செலவை அறிவியல், சுற்றுச்சூழல் மையம் (சி.எஸ்.இ.) என்னும் ஆய்வமைப்பு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சாலைத் தூசிக்கே போயிருப்பதும், தொழிற்சாலைப் புகைக்கு ஒரு விழுக்காடுகூடப் போகாததும் தெரிந்தது.

தூசியைக் குறைப்பது வேண்டியதுதான். ஆனால் கந்தகத்தையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் விட்டுவிட்டுத் தூசியை மட்டும் குறைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தொழிற்சாலைச் சாம்பலும் தூசியும் கட்டுப்படுத்தப்பட்டபோது, அமிலத்தை நடுநிலையாக்கிவந்த காரப்பொருள்களும் சேர்ந்து குறைந்ததால், கந்தகத்தைக் குறைத்ததன் பலனில் ஒரு பகுதி மழையில் தென்படாமல் போனதை 1990-களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தில்லி தண்ணீர் லாரிகளில் மட்டும் வெற்றி பெற்றால், இன்று இல்லாத அமில மழை நாளை வரக்கூடும்.

மிகப் பெரிய தோல்வி என்று நான் கருதுவது அனல் மின் நிலையங்களைப் பற்றியது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலக்கரி மின் நிலையங்களுக்குக் கந்தக உமிழ்வு வரம்பு விதித்து, ஈராண்டுக்குள் நிறைவேற்றச் சொன்னது. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகைக்குள் தெளித்துக் கந்தகத்தை ஜிப்சமாகப் பிடிக்கும் கருவிகள் இதற்குத் தேவை. வானத்தில் தூசியும் அமிலமும் சேர்ந்து தற்செயலாகச் செய்யும் அதே வேதிவினையைத்தான் புகைபோக்கிக்குள் கட்டுப்பாட்டோடு செய்கிறோம். செங்கோட்டைச் சுவரில் படியும் ஜிப்சம் இங்கே சிமென்ட் ஆலைக்குப் பயன்படும் பொருளாகக் கிடைக்கிறது. கெடு பலமுறை நீண்டது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை, நாட்டின் நிலக்கரி மின் நிலையங்களில் ஏறக்குறைய 78 விழுக்காட்டுக்கு இக்கருவி தேவையில்லை என விலக்களித்தது. தலைநகர வட்டாரத்துக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கோ 10 கி.மீ.க்குள் இருப்பவை மட்டும் 2027 டிசம்பர் இறுதிக்குள் கட்டாயம் பொருத்த வேண்டும். மாசு மிகுந்த பகுதிகள் எனப் பட்டியலிட்ட இடங்களிலுள்ளவை தனித்தனியே பரிசீலிக்கப்படும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, பெரும்பாலான நகரங்களில் கந்தக டை ஆக்சைடு தரநிலைக்குள் இருக்கிறது என்பன சொல்லப்பட்ட காரணங்கள்.

இரண்டு கூற்றும் உண்மை. முடிவுதான் பொருந்தவில்லை. நிலக்கரியில் கந்தகம் அரை விழுக்காடே ஆனாலும், எரிக்கும் அளவு பெரிதாகும்போது உமிழ்வும் பெரிதாகிறது. 2017-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வொன்று, சீனா தன் கந்தக உமிழ்வை 2007 முதல் 75 விழுக்காடு குறைத்திருக்க, இந்தியாவின் உமிழ்வு 50 விழுக்காடு கூடி, உலகின் முதலிடத்தை நெருங்கிவிட்டதாகவோ தாண்டிவிட்டதாகவோ காட்டியது. வாயுவின் அளவு தரநிலைக்குள் இருப்பதற்கு ஒரு காரணம், அது வழியிலேயே சல்பேட் துகளாக மாறிவிடுவது. வாயுவாக அளந்தால் குறைவாகவும் துகளாக அளந்தால் மிகுதியாகவும் தெரியும் ஒரு பொருளை, வாயு அளவைக்கொண்டு தீர்ப்பிடுகிறோம். 10 கி.மீ. என்னும் எல்லையும் அப்படித்தான். குளிர்காலத்தில் தில்லிக்குக் காற்று வடமேற்கிலிருந்து வருகிறது. நரேலா அதை முதலில் வாங்கும் பகுதி. பஞ்சாபின் ராஜ்புரா, தல்வண்டி சாபோ அனல் மின் நிலையங்கள் தலைநகர வட்டாரத்துக்கு 10 கி.மீ.க்குள் இல்லை, அங்கே புறப்படும் கந்தகத்துக்கு அமிலமாகித் துகளாக மாறத் தேவையான நேரம் அந்தப் பயணத்திலேயே கிடைத்துவிடுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி. 2016-இலேயே தில்லியைச் சுற்றி 300 கி.மீ.க்குள் உள்ள மின் நிலையங்களின் கந்தக உமிழ்வை 90 விழுக்காடு குறைக்கப் பரிந்துரைத்திருந்தது.

வைக்கோல் எரிப்பைப் பற்றி நிறையவே பேசப்படுவதால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாபும் அரியானாவும் இயற்றிய சட்டங்கள் நெல் நடவைத் தள்ளி வைத்தன. அறுவடையும் எரிப்பும் அதனால் காற்று அசையாத அக்டோபர் கடைசிக்கும் நவம்பருக்கும் நகர்ந்தன. உச்ச நாட்களில் அதன் பங்கு பெரிது. டிசம்பரில் வயல்கள் அணைந்த பிறகும் தில்லிக் காற்று தேறாததற்கு விளக்கம் அங்கே இல்லை, இரண்டாம் நிலைத் துகள்களில் இருக்கிறது.

இந்த இரண்டு இடங்களில் செய்யக்கூடியவை

கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடுகள், அமோனியா ஆகிய மூன்றையும் சேர்த்தே குறைக்க வேண்டும். கந்தகத்தை மட்டும் குறைத்தால், அதனோடு சேர்ந்திருக்கக்கூடிய அமோனியா விடுபட்டு நைட்ரேட்டைக் கூட்டும். எனவே லாரிகளையும் டீசல் ஜெனரேட்டர்களையும் ஒழுங்குபடுத்துவதும், யூரியாவை அளந்து இடுவதும் இதே திட்டத்தின் பகுதிகளாக வேண்டும். மண்ணில் ஆழமாக இடும் யூரியா, மேலே தூவுவதைவிடக் குறைவான அமோனியாவையே காற்றில் விடுகிறது. உழவருக்கும் அது மிச்சம்.

நரேலாவில் முதலில் நிற்க வேண்டியது குப்பை எரிப்பு. இரவுநேரக் கண்காணிப்பும், பிளாஸ்டிக் கழிவைத் தொழிற்கூடங்களிலிருந்து நாள்தோறும் எடுத்துச் செல்லும் ஏற்பாடும் இல்லாமல் அபராத அறிவிப்பால் அது நிற்காது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நரேலாவிலேயே வேலை கிடைக்கும் வரை, விடியற்காலைப் பேருந்துகளைக் கூட்டித் தெருவில் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது மாசுக் கட்டுப்பாட்டு நடவடிக்கையாகவே கருதப்பட வேண்டும். வீடு கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிடுவது அநீதி.

ஆர்.கே. புரத்தில் நம் சங்கங்களும் கோயில் குழுவும் தாமாகவே தொடங்கக்கூடியவை சில உண்டு. மார்கழியில் காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டும் நாட்களில் முதியவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பிற்பகல் வழிபாட்டைப் பரிந்துரைத்து அறிவிப்புப் பலகையில் எழுதலாம். அமிலம் இங்கே துகள் வடிவில் இருப்பதால் என்.95 முகக்கவசம் அதன் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், துணிக்கவசம் பிடிக்காது. பள்ளி மைதானத்தில் காலை அணிவகுப்பையும் விளையாட்டையும் நவம்பர் முதல் ஜனவரி வரை பிற்பகலுக்கு மாற்றலாம்; இதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அளவீட்டிலும் ஒரு மாற்றம் தேவை. ஆர்.கே. புரத்திலும் நரேலாவிலும் உள்ள தொடர் கண்காணிப்பு நிலையங்கள் பி.எம். 2.5-இன் மொத்த எடையைப் பொதுமக்களுக்குத் தருகின்றன. அந்த எடையில் சல்பேட் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று நாள்தோறும் பிரித்துக் காட்டினால், தண்ணீர் லாரிக்குச் செலவிட்ட பணமும் புகைபோக்கியில் பொருத்தாமல் விட்ட கருவியும் என்ன விளைவைத் தந்தன என்பது யாருக்கும் விளங்கும். விலக்களிக்கப்பட்ட மின் நிலையங்களைப் பற்றி 2027 டிசம்பருக்கு முன் மறுபரிசீலனை கோருவோருக்கும் அந்தத் தரவே முதல் ஆவணமாக இருக்கும்.